எண்ணெய் தேய்த்த முதுகு

என் உயிர் வாப்பா,

இதில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

இன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நான் செய்தது தோலில் ஒட்டும் மருந்துப் படலம். நம் குளச்சலில் உரித்துப் போடும் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்றொரு தூள் எடுக்கிறார்கள். அதை நீர்த்த வினிகரில் கரைத்து, சுத்தப்படுத்திய களிமண் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தேன். முதல் படலம் அப்பளம்போலச் சுருண்டுவிட்டது. "களிமண்ணு எங்கேட்டி கிடைச்சுது, உன் தலைக்குள்ளேயிருந்தா?" என்றாள் பக்கத்துப் பெஞ்சு சுபா.

மருந்துக்குப் பதில் கேசரிப் பவுடர் சேர்த்தேன். களிமண் இல்லாத படலம் தண்ணீரில் போட்டதுமே நிறத்தையெல்லாம் கொட்டிவிட்டது. களிமண் சேர்த்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது. களிமண்ணின் மெல்லிய அடுக்குகள் வழியை மறிக்கின்றன, வாப்பா. மருந்து சுற்றிச் சுற்றித்தான் வெளியே வர வேண்டும்.

உங்கள் கடைசி நாட்களில் முதுகில் ஒட்டிய வலிப் பட்டையும் மெதுவாகத்தானே மருந்து விட்டது? மாத்திரை விழுங்க முடியாத உங்களுக்கு அது ஒன்றுதான் துணையாக இருந்தது.

இனி உண்மை. அந்த நாட்களில் ஒரு மதியம் உம்மா புதுப் பட்டை ஒட்ட வருவதற்கு முன், முதுகு வறண்டிருக்கிறதே என்று நான் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். சாயங்காலம் பட்டை விரிப்பில் கிடந்தது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள்.

"யாரு பிச்சது?" என்றார் உம்மா.

"நான்தான். அரிச்சுது."

"சின்னப் பிள்ளையா நீங்க?"

நான் கதவருகே நின்றிருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினீர்கள். அவ்வளவு வலியில் எப்படி முடிந்தது?

இன்று என் விளக்க அட்டையின் முதல் வரியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: 'ஒட்டும் இடத்தில் எண்ணெய் தேய்க்கக் கூடாது.' கண்காட்சி பார்க்க வந்த உம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உம்மா, அன்னைக்கு வாப்பா பிக்கல்ல. நான் எண்ணெ தேச்சுட்டேன்."

"விரிப்பைத் தொவைச்சது நான்தானே மக்கா. எண்ணெ வாசம் தெரியாதா?"

"பொறவு ஏன் கேக்கல்ல?"

"உங்க வாப்பா விடல்ல. 'கேக்காத, அவளே ஒரு நாள் சொல்லுவா'ன்னாரு."

காத்திருந்தீர்களா, வாப்பா? எனக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டதே. இனி பிழை செய்தால் அன்றைக்கே சொல்வேன். எனக்காக வேறு யாரையும் ஏச்சு வாங்க விடமாட்டேன்.

நீங்கள் காட்டிக்கொடுக்காத மகள்,
நஸ்ரின்

படலங்களை டப்பாவில் எடுத்து வைத்துவிட்டேன். உம்மா வாசலில் நிற்கிறார். காவலாளி கண்காட்சிக் கூடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிவிட்டார்.