கட்டை விரல் வைக்காத நாள்

செவ்வாய், 14

காலையிலிருந்து தூறல். பட்டறை வாசல் முழுக்கச் சேறு.

வாத்தியாரின் பழைய அம்பாசடர். போன வாரம் அரியலூரில் சேகர் மச்சான் (என் மனைவி மலரின் அண்ணன்) கார்புரேட்டர் வேலை பார்த்த வண்டி. இன்று என் பங்குக்கு, பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். அடி கியரோடு கழற்றி, புது புஷ் போட்டு, மாட்டியாயிற்று. ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டர் வழியாகப் பட் பட்டென்று வெடி.

வயர் வரிசை சரி. பாயிண்ட் சரி. கரண்ட் வருகிறது. பெட்ரோல் வருகிறது.

நாளை திருமானூரில் வாத்தியார் மகளுக்கு வளைகாப்பு. "என்னப்பா ஆச்சு?" என்று தலைமேலேயே நின்றார். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "கார்புரேட்டர்ல ஏதோ கோளாறு சார்" என்றேன். என் எதிரிலேயே மச்சானுக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தார்.

புதன், 15

மழை இல்லை. புழுக்கம்.

வாத்தியாரும் மனைவியும் விடிகாலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். அந்தம்மாவுக்கு முட்டி தேய்மானம். படியில் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி ஏற்றினார்களாம். போனில் திட்டாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பத்து மணிக்கு மச்சான் வந்தார். கார்புரேட்டரைப் பிரித்தார், ஊதினார், பூட்டினார். நான் டீ வாங்கி வந்தேன். என் வலது கட்டை விரலில் சுற்றியிருந்த துணியையே பார்த்தார்.

"கையில என்ன மாப்ள?"

"தகரம் கிழிச்சுடுச்சு மச்சான்."

"நாளைக்கு நிதானமா நீயே மொதல்லேருந்து ஒரு தடவ பாரு."

அவ்வளவுதான். போய்விட்டார்.

வாங்க: கிரீஸ், சோப்பு, மலருக்குத் தைலம்.

வியாழன், 16

கண்டுபிடித்தேன். என் தப்பு. நாசமாய்ப் போச்சு.

எஞ்சின் புல்லியில் இருக்கிற அடையாளக் கோடு நேரே வந்ததை மட்டும் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருக்கிறேன். அந்தக் கோடு இரண்டு சுற்றில் இரண்டு முறை நேரே வரும், ஒன்றுதான் சரி. எது என்று தெரிய, ஒண்ணாம் பிளக் ஓட்டையில் கட்டை விரல் வைத்து, காற்று முட்டித் தள்ளுகிறதா என்று பார்க்கணும். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் நான் சொல்கிற பாடம். அன்று விரலில் கட்டு. எண்ணெய் பட்டால் எரியுமே என்று வைக்கவில்லை.

இன்று இடது கட்டை விரல் வைத்துப் பார்த்து, திருப்பி மாட்டினேன். ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது.

வாத்தியாருக்கு ஒரே குஷி. "கெட்டிக்காரன்யா நீ! உன் மச்சான்கிட்ட யாரும் வண்டிய குடுக்காதீங்கன்னு எங்க தெரு பூரா சொல்லிட்டேன்."

நான் சிரித்தேன். சிரித்தேனே, பாவி.

சாப்பிடும்போது மலர்: "எங்கண்ணன் அப்புடியா வேல பாக்கும்?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

வெள்ளி, 17

நல்ல வெயில். அரியலூர் போனேன். மச்சான் கடையில் ஒரு வண்டிகூட இல்லை. "ஒண்ணு சொல்லணும் மச்சான்..."

"தெரியும் மாப்ள. நீ டீ வாங்கப் போனப்பவே பிளக்க கழட்டி விரல் வெச்சுப் பாத்துட்டேன்."

"அப்பவே சொல்லிருக்கலாமே!"

"நீயே கண்டுபிடிச்சு, நீயே அவருகிட்ட சொல்லிருவேன்னு நெனச்சேன். நேத்து பூரா போனையே பாத்துக்கிட்டிருந்தேன்."

தைலம் வாங்கவும் மறந்தாயிற்று.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே வாத்தியாருக்குப் போன்.

"சொல்லுப்பா, கெட்டிக்காரா!"

சொன்னேன். தப்பு மச்சானோடது இல்லை, என்னோடது என்று தெரு பூரா சொல்லச் சொன்னேன்.