பட்டாணிக்கு எங்கள் மொட்டை பிடிக்கவில்லை

என் செல்லச் சண்டைக்காரி அக்காவுக்கு,

பட்டாணி நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடிதம் முழுக்கப் பயந்துகொண்டே படிப்பாய்.

காய்ச்சலில் நீ போன பிறகு, திருப்பதியில் நீ தங்கியிருந்த அறையிலிருந்து பட்டாணியை, அந்தக் குட்டி டெரியர் நாயை, சித்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உடம்பு என் முழங்காலுக்குக்கூட வராது, வாய் மட்டும் லாரி ஹாரன். ஒரு நாள் தெருவில் ஒரு கறுப்பு நாயிடம் வம்புக்குப் போய், கழுத்தில் கடிபட்டது. அன்றிலிருந்து அம்மா அதை வாசலில்கூட விடுவதில்லை.

"உங்க அக்கா உட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்டா. இதுவும் பூட்ச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

ஆனால் ஓடாத டெரியர் சும்மா இருக்குமா? நைனாவின் செருப்பு, தலையணை, என் கணக்குப் புத்தகம் (அதற்கு மட்டும் நன்றி) எல்லாம் காலி. சித்தூரில் நாய்ப் பூங்கா இல்லாததால் திருப்பதியில் தேடினேன். முதலில் பார்த்ததில் பூவும் இல்லை, காவும் இல்லை, கன்றுக்குட்டி அளவு நாய்கள்தான். இன்னொன்றில் வேலிக்கடியில் பட்டாணி தோண்டி நுழைகிற சந்து. கடைசியில் நல்லதாக ஒன்று: சின்ன நாய்களுக்குத் தனி அடைப்பு, மண்ணுக்குள் புதைத்த கம்பிவலை, அடுத்தடுத்து இரண்டு கேட். ஒன்றை மூடிய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். நான் மட்டும் தனியாகப் போய் வலையை உதைத்துக்கூடப் பார்த்துவிட்டு வந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மலைக்கு முடி கொடுப்பதாக நைனா வேண்டிக்கொண்டார். நீ பிழைக்கவில்லை. வருஷம் திரும்பியதும், போன வாரம் கிளம்பிவிட்டார்.

"இப்ப எதுக்கு நைனா?"

"சாமி குடுக்கலன்னா நானும் குடுக்கக் கூடாதா? சொன்னது சொன்னதுதான்டா."

கூடவே போய் நானும் மொட்டை போட்டுக்கொண்டேன்.

அம்மா கீழேயே தங்கி, பட்டாணியைப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தாள். நாங்கள் மலையிலிருந்து நேராக அங்கே போனோம். தலை முழுக்க ஈரச் சந்தனம். பழைய முகமும் இல்லை, பழைய வாசனையும் இல்லை. அதை யோசிக்காமல் உள் கேட்டை நான் திறந்தேன். வெளி கேட்டை நைனா இன்னும் மூடவில்லை. பட்டாணி எங்களைப் பார்த்து அலறி, என் காலிடுக்கில் புகுந்து சாலைக்குப் பாய்ந்தது.

பஸ் ஓடுகிற சாலை, அக்கா.

"பட்டாணி!" என்றால் குரலுக்குத் திரும்பும். மொட்டையைப் பார்த்ததும் இன்னும் வேகமாக ஓடும். பின்னால் அம்மா, "தொரத்தாதடா, வண்டில உழுந்துடப் போவுது!" என்று கத்தினாள். ஒரு பஸ் கிறீச்சென்று நின்றது.

லீவுக்கு நீ அதை வீட்டுக்குக் கூட்டிவரும்போதெல்லாம், நான் செத்த மாதிரி விழுந்தால் ஓடிவந்து காதை நக்குமே, நினைவிருக்கிறதா? நீ போன பிறகு அந்த விளையாட்டை யார் விளையாடுவது? அன்று வேறு வழி தெரியவில்லை. சாலையோர மண்ணில் தடாலென்று விழுந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் காதில் ஈரமாக ஒரு நாக்கு. கழுத்துப் பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் நைனா. பஸ் என்னை அடித்துவிட்டது என்று நினைத்து, செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து முழங்காலில் விழுந்திருந்தார். என் மூக்கருகே விரலை வைத்து, "மூச்சி இருக்குதா, மூச்சி இருக்குதா" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல நைனா, சும்மாதான் உழுந்தேன்."

ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு என்னையும் நாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார். உன்னை எடுத்துப் போன அன்றுகூட அழாத மனிதர்.

இப்போதெல்லாம் நான் மத்தியானம் கண்ணயர்ந்தாலும் மூக்கருகே அந்த விரல் வந்துவிடுகிறது. தூங்குவதாக நடிக்கிறேன், ஆனால் அவருக்குக் கேட்கும்படி பெரிதாக மூச்சு விடுகிறேன். உன் மூக்கருகேயும் அப்படித்தான் வைத்துப் பார்த்தாரா, அக்கா?

பட்டாணியைக் கயிற்றோடுதான் இனி எந்தக் கேட்டையும் தாண்டவைப்பேன். இன்னொரு சத்தியமும் வாங்கிக்கொள்: விளையாட்டுக்குக்கூட இனிமேல் நான் சாக மாட்டேன்.

நைனாவுக்கு மிச்சமிருக்கிற ஒரே தொல்லை,
உன் தம்பி