ஒரிஜினல் கேட்கிறாங்க, அப்பா

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் அம்மாவிடம் மட்டும் காட்டிவிடாதீங்க. படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரிங்க.

என் அப்பாவுக்கு,

படிக்கிறேன் என்று சொல்லி, மிளகு மூட்டை வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். எனக்குச் சேலத்தில் பதினொன்றாம் வகுப்பு இடம் கிடைத்திருக்கு, ஹாஸ்டலோடு. வெள்ளிக்கிழமைக்குள் ஜாதிச் சான்றிதழ் கொடுக்கணும். அதைத் தர உங்க சான்றிதழைக் கேட்கிறாங்க.

ஏற்காடு தாலுகா ஆபீஸில் உங்க சான்றிதழோட ஜெராக்ஸை நீட்டினேன். கிளார்க் கையில்கூட வாங்கவில்லை.

"ஒரிஜினல் எங்க கண்ணு?"

அகராதியில் அந்தச் சொல்லைப் பார்த்தேன். முதன்முதலாக வந்தது, எதையும் பார்த்து நகலெடுக்காதது என்று போட்டிருக்கு. ஆபீஸில் அப்படிச் சொல்லுறதில்லை. பச்சை மைக் கையெழுத்து, விரலால் தடவினால் தட்டுப்படுகிற முத்திரை, அதுதான் ஒரிஜினல். அது இல்லாவிட்டால் நான் யார் மகள் என்று அவங்களுக்குத் தெரியாதாம்.

நீங்க அதை வாங்கின அன்றைக்கு நானும் வந்தேனே. "ஏனுங்க, ஆளே ஒரிஜினலா வந்து நிக்கறேன், காயிதம் எதுக்குங்க?" என்றீங்க. அந்தக் கிளார்க்கே சிரித்துவிட்டார். ஜெராக்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரிஜினலைப் பிளாஸ்டிக் கவரில் மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்தீங்க. ஆபீஸுக்கு மட்டும் போடுகிற சட்டை.

அந்த வாரமே மிளகு பறிக்க ஏறி, ஏணியோடு விழுந்தீங்க. கடைசியாக நல்ல சட்டையோடு போகட்டும் என்று அம்மாதான் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டாங்க. பையை யாரும் பார்க்கவில்லை.

பெட்டியெல்லாம் கொட்டித் தேடின பிறகு எனக்குப் புரிந்தது. அது உங்களோடு மண்ணுக்குள் இருக்கு. அம்மாவுக்குத் தெரிந்தால் தன் கையையே வைதுகொள்வாங்க.

சாயந்தரம் மாமா, "ஊட்டுல இல்லாம எங்க போவும்? தோண்டியாச்சும் எடுத்தரோணும்" என்றார். பேச்சுக்குத்தான் சொன்னார். என் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. மாமா என்னையே பார்த்தார்.

தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் வேறொன்று தருவாங்களாம், நாளாகுமாம். இருக்கிற இடம் தெரிந்ததைத் தொலைந்தது என்று எழுதலாமா அப்பா? எனக்கு நொம்பப் படிக்கணும். அதைச் சொல்லவும் பயமா இருக்கு.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்க படுத்திருக்கிற அந்தச் சில்வர் ஓக் மரத்தடியில் யாரையும் மண்வெட்டி வைக்க விடமாட்டேன். நாளைக்குக் கிளார்க்கிடம் நானே போய் உள்ளதைச் சொல்வேன்.

உங்க வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்த

மக

கதவு தட்டுறாங்க. மாமா.

"கண்ணு, தூங்கிட்டியா? அன்னைக்கு உங்கப்பனுக்கு எந்தச் சட்டையப் போட்டு உட்டோம்?"