மூன்று மணி நேரம் சட்டைப் பையில் இருந்த செய்தி

பலாபத்வல, மாத்தளை
2026 பெப்ரவரி 5

அன்பு மகன் ஷிஹாமுக்கு, உம்மா எழுதுறேன். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நானும் வாப்பாவும் தங்கச்சியும் நல்ல சுகம். தோஹாவில உனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம, வேலை இடத்தில கரைச்சல் இல்லாம இருக்கணும் என்று ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன். தங்கச்சி ஜெஸ்லாவுக்கு உக்குவளைப் பள்ளிக்கூடத்தில டீச்சர் வேலை நிரந்தரமாகிட்டுது, உனக்கு அவளே சொல்லியிருப்பா. பஸீர் நானா லீவு முடிஞ்சு தோஹாவுக்குத் திரும்பி வாறார், அவர் கையில இந்தக் கடிதத்தோட கொஞ்சம் மிளகும் எலுமிச்சங்கா ஊறுகாயும் அனுப்புறேன். போனில சொல்லாம எதுக்குக் கடிதம் என்று நினைப்ப. போனில வாப்பாட பேச்சை எடுத்தா நீ வேற கதைக்குப் போயிடுற மகன். கடிதம் என்றா கடைசி வரைக்கும் வாசிப்பாய்தானே.

நவம்பர் மழையில நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். வாப்பா ஊர் அனர்த்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தார் இல்லையா, அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு கிராம சேவகர் அவர்ட போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கார், மண்சரிவு வரப்போகுது, மேட்டில இருக்குற பதினோரு வீட்டு ஆக்களையும் உடனே பள்ளிக்கூடத்துக்கு இறக்குங்க என்று. வாப்பா வாசிச்சார். அதுக்கு முந்தி ரெண்டு தரம் இப்படிச் செய்தி வந்து, அவர் சொல்லி சனம் புள்ளை குட்டியோட இறங்கி வந்து, ரெண்டு தரமும் ஒண்ணும் நடக்கல்ல. அதுக்குப் பிறகு நளீம் முதலாளி தூறல் விழுந்தாலே ஊரைக் கிளப்புவார் என்று வாப்பாட கடை வாசல்லயே அவரைப் பார்த்துச் சிரிச்சாங்க. இன்னொரு தரம் சிரிப்பாங்க என்ற வெக்கத்தில, கொஞ்சம் பார்ப்போம் என்று போனைச் சட்டைப் பையில போட்டுட்டு தம்புள்ளையில இருந்து வந்த மரக்கறி மூட்டைகளை இறக்கப் போயிட்டார். பதினொரு மணிக்கு மேடு சரிஞ்சுது. மத்த வீட்டு ஆக்கள் சத்தம் கேட்டு ஓடித் தப்பிட்டாங்க. மேட்டு வீட்டு அழகமுத்துட மனுசி சுந்தரம்மா அடுப்படியில நின்னவங்க, சுவர் விழுந்து கால் மாட்டிக்கிட்டுது. அலவாங்கும் மண்வெட்டியும் வச்சு அவங்களை எடுக்க பின்னேரம் அசர் தொழுகை நேரம் ஆகிட்டுது, வாப்பாவும் கை தோல் உரிய மண்ணை அள்ளினார். ரோட்டெல்லாம் மூடி அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடிஞ்சுது. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

அந்தக் காலையில எட்டு மணிக்குக் கொஞ்சம் பிறகு டவர் வேலை செய்யாமப் போனதால, செய்தி வரவே இல்ல என்று ஊரே நம்பிட்டுது. கிராம சேவகர் நான் அனுப்பினேன் என்று சொல்லச் சொல்ல ஒருத்தரும் கேக்கல்ல, அவரை வேலையால நிப்பாட்டணும் என்று கையெழுத்து வாங்கினாங்க. வாப்பாவுக்கு அதுக்குப் பிறகு சோறு இறங்கல்ல. என்கிட்டச் சொன்னார், உனக்கும் சொன்னார். நீ சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, டீவியில பெரிய பெரிய ஆக்களே நான் இல்ல அவன்தான் என்று மாறி மாறிக் கைகாட்டுறாங்க, சம்பளம் இல்லாத வேலைக்கு நீங்க மட்டும் எதுக்குப் பழியை ஏத்துக்கணும், பிறகு வழக்கு வந்தா யார் பார்க்குறது என்று கேட்ட. நானும் அதைத்தான் சொன்னேன் மகன், கையைப் புடிச்சு அழுதுதான் சொன்னேன்.

டிசம்பர்ல பள்ளிக்கூட மண்டபத்தில, சனத்தின்ட முறைப்பாட்டைக் கேக்க அரசாங்கக் கந்தோர்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. ஒவ்வொருத்தரா எழும்பி கிராம சேவகரை ஏசினாங்க. அப்பதான் வாப்பா எழும்பினார். செய்தி எட்டு மணிக்கே எனக்கு வந்துது, மூணு மணி நேரம் நான்தான் வச்சிருந்தேன், சிரிப்பாங்க என்று பயந்தேன், இவர்மேல பிழை இல்ல, சுந்தரம்மாட கால் போனதுக்கு நான் பதில் சொல்லணும் என்று சொன்னார். பிறகு அவருக்கு ஏச்சு வந்துது பாரு, நான் தலையைக் குனிஞ்சுட்டேன். அழகமுத்து எழும்பி வெளிய போயிட்டார். வாப்பா தலைவர் வேலையை அங்கயே விட்டுட்டார், விடும்போது ஒண்ணு மட்டும் கேட்டார், இனி செய்தி ஒரு ஆள்ட கையில நிக்க வேணாம், வந்த உடனே பள்ளிவாசல் ஸ்பீக்கர்லயும் கோயில் ஸ்பீக்கர்லயும் அப்படியே சொல்லிடணும் என்று. அந்த அம்மா அதை எழுதிக்கிட்டாங்க. ஒரு மாசம் கடைக்குப் பாதி ஆள்தான் வந்தாங்க. நீயும் அவரோட பேச்சை நிப்பாட்டின. வழக்கு ஒண்ணும் வரல்ல.

இப்ப நீ கேக்காத பகுதியைச் சொல்றேன். ஜனவரியில திரும்ப நாலு நாள் மழை. ஒரு செவ்வாக்கிழமை பகல் பன்னிரண்டுக்குச் செய்தி வந்துது, பத்து நிமிசத்தில ரெண்டு ஸ்பீக்கரும் பேசிட்டுது. ஒருத்தரும் சிரிக்கல்ல, எல்லாரும் இறங்கத் தொடங்கிட்டாங்க. வீடு போன ஆக்களுக்குப் போட்ட முகாமில இடம் இல்லாம சுந்தரம்மா அவங்க தங்கச்சி வீட்டில, அதே மேட்டிலதான் இருந்தாங்க, நடந்து இறங்க ஏலாது. வாப்பா ஓடினார், பின்னால நானும் போனேன். அழகமுத்து அவரைப் பார்த்ததும், சுந்தரம்மா இருந்த நாற்காலிட ஒரு பக்கத்தைக் காட்டி, நீங்க அதைப் புடிங்க முதலாளி என்றார். ரெண்டு பேரும் அவங்களை நாற்காலியோட வழுக்குற படியில இறக்கினாங்க. அசருக்கு முன்னாலயே நாலு வீடு மண்ணுக்குள்ள போயிட்டுது, தங்கச்சி வீடும்தான். ஒரு ஆளுக்குச் சின்னக் கீறல்கூட இல்ல. அல்ஹம்துலில்லாஹ்.

பள்ளிக்கூடத்தில நான் சுந்தரம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து, எங்களை மன்னிச்சிருங்க என்று கேட்டேன். மன்னிச்சேன் என்று வாயால சொல்ல இன்னும் முடியல்லம்மா என்றாங்க. தேத்தண்ணியைக் குடிச்சுட்டு, ஆஸ்பத்திரியில இருந்து இது வரைக்கும் எத்தனையோ பேர் வந்து என் கால் போனதுக்கு ஒவ்வொரு காரணம் சொன்னாங்க, உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் உள்ளதைச் சொன்னார், அதுக்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்துது என்றாங்க. நான் அங்கயே அழுதுட்டேன் மகன். வாயை மூடுங்க என்று அவருக்குச் சொன்னவள் நான். அவர் என்ட பேச்சைக் கேக்காததுக்காக இப்ப தொழுகையில தலை வைக்குற ஒவ்வொரு சுஜூதுலயும் நன்றி சொல்றேன்.

நோன்பு வர ரெண்டு கிழமைதான் இருக்கு. குளிர் தண்ணி குடிச்சுத் தொண்டையைக் கெடுத்துக்காத, ஸஹருக்கு எழும்பாம வெறும் வயித்தோட நோன்பு புடிக்காத. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பறக்கத்தான உழைப்பையும் தரட்டும், உன்ட ஈமானைப் பாதுகாக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துடாத. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வந்தா வாப்பா வீட்டிலதான் இருப்பார். அவருக்குப் போன் எடு, பெரிசா ஒண்ணும் சொல்லத் தேவையில்ல, சாப்பிட்டீங்களா வாப்பா என்று கேட்டாப் போதும்.

உன் நலத்துக்கு துஆ செய்யும் உம்மா,
றாபியா நளீம்