ஃபெயில் சீட்டைக் கேட்டு வாங்கிய மாமாவுக்கு

திட்டுறவரையும் 'சார்' போட்டே கூப்பிடுற என் மாமாவுக்கு,

ஏனுங் மாமா, நல்லா இருக்கீங்களா? அங்கே வாதாட ஆள் கிடைச்சுதா? கிடைச்சிருக்கும். போன இடத்துல ரெண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தாப் போதுமே, பக்கத்துல போய் "பூமி சூடாகுதே, கவனிச்சீங்களா சார்?"னு ஆரம்பிச்சிருப்பீங்க.

உங்களுக்கு ஒரு சேதி இருக்கு. உங்ககிட்டச் சொல்லிடச் சொல்லி ஒருத்தர் என்கிட்டக் கேட்டிருக்கார். யாருன்னு இப்பவே சொல்லிட்டா நீங்க மீதியைக் கேட்க மாட்டீங்க. அதனால வரிசையாச் சொல்றேன்.

இதை மத்தவங்களும் படிப்பாங்க. அவங்களுக்காக முதல்ல காரைப் பத்திச் சொல்லிடறேன். அது ஒரு ஹெரால்டு. மெட்ராஸ்ல செஞ்ச வண்டி. தேஹு ரோடு ராணுவ டிப்போவில நீங்க ஸ்டோர் கிளார்க்கா இருந்தப்ப, மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர்கிட்ட வாங்கினது. தொண்ணூறுகளோட நடுவில ஸ்பேர் கிடைக்காம நின்னு போச்சு. குவார்ட்டர்ஸ் வாசல்ல தார்ப்பாய் போட்டு மூடிட்டு நீங்க பாட்டுக்கு பஸ்ல வேலைக்குப் போனீங்க. சுத்தி இருந்தவங்க எல்லாம் புதுக் கார் வாங்கினாங்க. தார்ப்பாய் கிழிஞ்சா நீங்க புதுத் தார்ப்பாய் வாங்கினீங்க.

ரிட்டையர் ஆகி விஷ்ராந்த்வாடியில எங்க ஃப்ளாட்டுக்கு வந்த அன்னிக்கு, சாமான் ஏத்தின டெம்போவுக்குப் பின்னால கயிறு கட்டி அதையும் இழுத்துட்டு வந்தீங்க. உள்ளே நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீங்க. நான் கோயமுத்தூர்ல இருந்து கல்யாணமாகி வந்து அப்ப கொஞ்ச நாள்தான். பால்கனியில நின்னு பார்த்துட்டு, இந்த மனுஷனோட எப்படிக் காலம் தள்ளப்போறேன்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன் மாமா.

உங்களுக்கு மெக்கானிக் வேலை ஒண்ணும் தெரியாது. ஸ்டோர் கிளார்க்குக்கு சாமான் பேர் தெரியும், அதை எங்கே மாட்டணும்னு தெரியாதுன்னு நீங்களே சொல்லிச் சிரிப்பீங்க. பின் சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருந்துச்சு. பெட்ரோல் டேங்க்கைத் தட்டினா உள்ளே துரு கொட்டுற சத்தம் கேட்கும். பிரேக் நாலு சக்கரத்துலயும் இறுகிப் போயிருந்துச்சு. பாவமேன்னு நான்தான் உங்களை இன்டர்நெட்ல பழைய கார்க்காரங்க குழுவில சேர்த்துவிட்டேன். இங்கிலீஷ்ல டைப் அடிக்க உங்களுக்கு வராது. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். நடுநடுவே 'லேகின்', 'அச்சா'ன்னு உங்க தேஹு ரோட்டுத் தமிழ் வேற. நான் பெட்ரோல் பங்க்னு சொன்னா, பம்ப்னு திருத்துவீங்க.

அந்தக் குழுவில கார் பத்திப் பேச ஒரு பக்கம், ஊர்க் கதை பேச ஒரு பக்கம். கார் பக்கத்தோட நின்னிருந்தா நம்ம வீடு நிம்மதியா இருந்திருக்கும். ஒருநாள் ஊர்க் கதைப் பக்கத்துல யாரோ, பூமி சூடாகுதுங்கறது எல்லாம் கட்டுக்கதை, கார்க்காரங்களைத் திருடனாக்கற வேலைன்னு எழுதியிருந்தாங்க. நீங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "கௌசி, டைப் பண்ணு"ன்னீங்க. அன்னிக்குப் பிடிச்ச சனி.

விஞ்ஞானிகள் எழுதின அறிக்கையெல்லாம் என் ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்துட்டு வரச் சொன்னீங்க. டிக்ஷனரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, பென்சிலால கோடு போட்டுக்கிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சீங்க. புரியாத இடத்தை என்கிட்டக் கேட்பீங்க. எனக்கும் புரியாது. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து முழிப்போம். எனக்கு அந்தச் சாயங்காலங்கள் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. உங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்லை, இப்ப சொல்றேன்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் டர்போ. கேம்ப் ஏரியாவில இருக்கிற ஒரு இன்ஜினியர்ங்கறதுக்கு மேல அவரைப் பத்தி நமக்குத் தெரியாது. குழுவில அவர் வெச்சுக்கிட்ட பேர் அது. எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பார். சின்ன வயசுல இங்கே இவ்வளவு வெயில் இல்லைன்னு நீங்க சொன்னா, உங்க ஞாபகம் ஆதாரம் ஆகாதும்பார். ஆனா அதே மனுஷன் கார் பக்கத்துல உங்களுக்கு அவ்வளவு உதவி பண்ணினார். காலையில உங்களைக் கிழிகிழின்னு கிழிப்பார். சாயங்காலம், பிரேக் வாஷர் ஜூனா பஜார்ல எந்தக் கடையில கிடைக்கும்னு பொறுமையா எழுதுவார். எனக்கு அவர் மேல பத்திக்கிட்டு வரும். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை சேர்த்து அடிக்கட்டுமான்னு கேட்பேன். "வேண்டாம்மா. சார்னு ஆரம்பி, நன்றின்னு முடி. நடுவில சண்டை போட்டுக்கலாம்"ம்பீங்க.

ஒருதடவை அவர் கேட்டார்: உங்க வண்டி விடற புகையை நிறுத்த வழி பாருங்க, அப்புறம் ஆகாசத்தைப் பத்திப் பேசலாம். குழுவே கைதட்டுச்சு. எனக்கு மூஞ்சி சிவந்து போச்சு. நீங்க என்னடான்னா, அவர் கேட்டது நியாயம்னுட்டீங்க. அதோட விட்டீங்களா? புகைச் சோதனையில ஒழுங்காத் தேறாம என் கார் ரோட்டுக்கு வராது, தேறினாலும் நாலு பேர் ஏறாம ஓட்ட மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்க. அதையும் நான்தான் அடிச்சேன்.

இந்தப் புகைச் சோதனைக்கு இங்கே எல்லாரும் பி.யு.சி.ன்னு சொல்வாங்க. நம்ம கேட்டுக்கு எதிர்லயே இருக்கிற பம்ப்ல ஒரு பூத். அங்கே நடக்கிறது என்னன்னு ஊருக்கே தெரியும். வண்டி நம்பரைச் சொன்னா சீட்டு வந்துடும், குழாயை யாரும் தொடக்கூட மாட்டாங்க. வருஷக்கணக்கா மூடிக் கிடந்த கார், நீங்க அவ்வளவு பாடுபட்டதுக்கு அப்புறம், நம்ம வீட்டு நாலு பேரையும் ஏத்திக்கிட்டு, இருமிக்கிட்டே கேட்டைத் தாண்டுச்சு. பூத்காரர் சாந்தாராம் வழக்கம்போல பேனாவை எடுத்தார். நீங்க அவர் கையைப் பிடிச்சு, மெஷின் குழாயைப் புகைக்குழாய்ல விட்டு அளக்கச் சொன்னீங்க. "கஷாலா காகா?" எதுக்குப் பெரியவரே இந்த வேலைன்னு மராத்தியில கேட்டுட்டு அவர் முழிச்சார். பின்னால நின்ன வண்டியெல்லாம் ஹாரன் அடிச்சுது. நீங்க நகரலை. கடைசியில தூசு தட்டி மெஷினைப் போட்டார். ஃபெயில். தேறலைன்னு எழுதித் தாங்கன்னு கேட்டீங்க பாருங்க, மனுஷன் ஆடிப் போய்ட்டார். அந்த மாதிரி ஒண்ணை அவர் எழுதினதே இல்லையாம். வெறும் தாள்ல கையால எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். உலகத்துல ஃபெயில் சீட்டைச் சண்டை போட்டு வாங்கின ஒரே ஆள் நீங்கதான் மாமா.

அதை ஸ்கேன் பண்ணிக் குழுவில போடச் சொன்னீங்க. போட்டேன். ஒரே சிரிப்பு. டர்போ மட்டும் சிரிக்கலை. அந்த மெஷின் அளக்கறது வேற வாயு, பூமியைச் சூடாக்கறது வேற வாயு, இந்தச் சீட்டுல தேறினாலும் தேறாட்டியும் உங்க வாதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதினார். உங்க அறிக்கைக் கட்டு எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி.

விட்டுடுங்க மாமா, ரெண்டு நாள் பேசாம இருந்தா எல்லாரும் மறந்துடுவாங்கன்னு நான் சொன்னேன். யார்தான் அங்கே தப்பை ஒத்துக்கிட்டாங்க? நீங்க கேட்கலை. "டர்போ சார், நான் ரெண்டையும் குழப்பிக்கிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. திருத்தினதுக்கு நன்றி. பூமி சூடாகறதைப் பத்தி என் கருத்து மாறலை." இவ்வளவுதான் எழுதச் சொன்னீங்க.

அந்தக் குழுவில அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை யாரும் படிச்சதில்லை மாமா. நான் என் ஆபீஸ்ல பெரிய பெரிய படிப்பாளிகளைப் பார்க்கறேன். ஒருத்தர் வாய்லயும் அது வராது. உங்க மருமகள்னு சொல்லிக்க எனக்குப் பெருமையா இருந்தது அன்னிக்குத்தான்.

அப்புறமும் நீங்க காருக்கு அடியில படுத்துக்கிட்டேதான் இருந்தீங்க. வாதத்துக்கே சம்பந்தமில்லைன்னு ஆனப்புறம் இன்னும் எதுக்கு இந்தப் புகையோட மல்லுக்கட்டறீங்கன்னு கேட்டேன்.

"சிக்னல்ல எனக்குப் பின்னால ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணு நிக்கும்மா, மூஞ்சியைத் துப்பட்டாவால சுத்திக்கிட்டு. அவளுக்கு வாதம் எதுக்கு?"

நான் தினம் ஸ்கூட்டர்ல ஆபீஸ் போறேன். அதே மாதிரி சுத்திக்கிட்டுத்தான் போறேன். என்னைச் சொன்னீங்களா, பொதுவாச் சொன்னீங்களா? கேட்கலாம் கேட்கலாம்னு இருந்தேன். ஒரு காலையில பேப்பர் படிச்சுக்கிட்டே சாஞ்சுட்டீங்க. சட்டைப் பையில ஸ்க்ரூடிரைவர் இருந்துச்சு.

குழுவுக்கு அதையும் நான்தான் எழுத வேண்டியதாப் போச்சு. உங்க வார்த்தை அத்தனையும் அடிச்ச கைக்கு அந்த ஒரு வரி வரலை. எப்படியோ அடிச்சேன். முதல்ல பதில் போட்டவர் டர்போ. வருத்தம் சொல்லிட்டு, கார் என்ன ஆச்சுன்னு கேட்டார்.

கார் மறுபடி தார்ப்பாய்க்குள்ள போயிருந்துச்சு. ஒரு ஹோட்டல்காரர் வந்து கேட்டார். இன்ஜினைக் கழட்டிட்டு வாசல்ல அழகுக்கு நிறுத்தி வெப்பாராம், உள்ளே பூச்செடியாம். உங்க மகன் சேகர் பாவம், ஒவ்வொரு தடவையும் அந்தத் தார்ப்பாயைத் தாண்டிப் போறதே அவருக்குக் கஷ்டமா இருந்துச்சு. கொடுத்துடலாம்னார். நான் ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தேன். கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். அப்பா சொன்னபடி சோதனையில தேறினா கார் வீட்டுல இருக்கட்டும், தேறலைன்னா ஹோட்டல்.

அப்புறம் என்ன, ஞாயித்துக்கிழமையானா நான் காருக்கு அடியில. பக்கத்து ஃப்ளாட்காரங்க எல்லாம் வேடிக்கை பார்த்தாங்க. பார்க்கட்டும். இன்ஜின் வர்ற சத்தத்தை நான் எழுதுவேன், டர்போ அதுக்கு மருந்து எழுதுவார். அவர்தான் கண்டுபிடிச்சார். சோக்கை இழுக்கிற கம்பி முழுசாத் திரும்பாம பாதியிலயே நின்னுச்சு. அதனால பெட்ரோல் அதிகமாப் போய் அரைகுறையா எரிஞ்சிருக்கு. நீங்க அவ்வளவு நாள் தேடினது அந்தத் துக்குணூண்டு கம்பியைத்தான் மாமா. அதைச் சரி பண்ணினப்ப நீங்க இல்லையேன்னு எனக்கு அழுகையா வந்துச்சு. காருக்கு அடியில அழறதுல ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறு நான், சேகர், உங்க பேரக்குட்டி மூணு பேரும் காரைத் தள்ளிக்கிட்டே பூத்துக்குப் போனோம். நாலு பேர் இல்லாம ஓட்டக் கூடாதே. சாந்தாராம் எழுந்து வந்து பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டார். காகாவோட வண்டி, இதைப் போய் அளக்கணுமான்னு பேனாவை எடுத்தார். மரியாதைக்குத்தான் மாமா, தப்பா நினைக்காதீங்க. அளங்கன்னேன். மெஷின் குழாயை உள்ளே விட்டார். கொஞ்சத்துல தேறலை. சேகர் என்னைப் பார்க்கவே இல்லை, ரோட்டைப் பார்த்துக்கிட்டு நின்னார். நான் உங்க ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். டர்போ சொன்ன திருகை ஒரு நூல் திருப்பினேன். இன்ஜின் சத்தம் அடங்கி ஒரே சீரா வந்துச்சு. மறுபடி அளந்தார்.

தேறிடுச்சு மாமா. உங்க மகன் நடு பம்ப்ல நின்னு தேம்பித் தேம்பி அழுதார்.

சீட்டைக் குழுவில போட்டேன். இப்ப அந்தச் சேதி. ரெண்டு நாள் கழிச்சு டர்போ ஒரு ஸ்கேன் போட்டிருந்தார். அவரோட புதுக் காரை எடுத்துக்கிட்டு கேம்ப்ல ஒரு பூத்துக்குப் போய், அளந்தே ஆகணும்னு நின்னிருக்கார். கையால எழுதி முத்திரை குத்தின ஃபெயில் சீட்டு. கீழே ரெண்டே வரி.

"பூமி சூடாகுதுங்கறதை நான் இன்னும் ஒத்துக்கலை. ஆனா என் கார் ஃபெயில், அங்கிள்கிட்டச் சொல்லிடுங்க."

எல்லாத்துக்கும் ஆதாரம் கேட்கிற மனுஷன் மாமா. நீங்க இல்லைங்கறது நல்லாத் தெரிஞ்ச மனுஷன். சொல்லிடுங்கன்னு கேட்கறார். நான் எப்படிச் சொல்லாம இருக்கறது? அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

இன்னொண்ணு. வர்ற ஞாயிறு காரைத் தேஹு ரோடு வரைக்கும் ஓட்டிட்டுப் போய், உங்க பழைய குவார்ட்டர்ஸ் வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்தணும்னு சேகருக்கு ஆசை. நாங்க மூணு பேர்தான். நாலாவது ஆளா டர்போ சாரைக் கூப்பிட்டேன். வர்றேன்னுட்டார். போற வழியெல்லாம் அவரோட சண்டை போடுவேன், உங்க கட்சியை நான் பேசுவேன். சார்னு ஆரம்பிச்சு நன்றின்னு முடிப்பேன். எங்கேயாவது நான் சொன்னது தப்புன்னு அவர் காட்டிட்டா, அங்கேயே ஒத்துக்குவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்க மருமகள், இன்னிக்கும் உங்க டைப்பிஸ்ட்,
கௌசி