அனுமதி இலவசம் என்ற பெயரில்

இன்று காலை எங்கள் நூலகத்துக்கு வந்த கோரிக்கைச் சீட்டுகளில் ஒன்றில் உம்முடைய பெயர் இருந்தது. கடைசிப் பெயருக்கான கட்டத்தில், நோர்வே எழுத்தில், ஓர் எழுத்தும் பிசகாமல். கேட்கும் பொருள்: சுவரொட்டி ஒன்று, நிலவறை, தட்டை இழுப்பறை. இறந்தவர்கள் சுவரொட்டி கேட்டு விண்ணப்பிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் புத்தி முதலில் போனது வழக்கமான இடத்துக்குத்தான்: யார் இது, எதற்குக் கேட்கிறார், இந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார்?

சிரிக்கிறீர், தெரியும். "உங்களிட்டை ஒரு ‘ஓம்’ வாங்கிறதிலும் பாக்க விசா எடுக்கிறது லேசு" என்று நீர் சாப்பாட்டு அறையில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சரிபார்க்காமல் நான் எதற்கும் ஓம் சொல்வதில்லை. நூலகத்தில் அது நல்ல குணம். வெளியில் அப்படிச் சொல்ல முடியாது.

உயிரோடு இருந்த காலம் முழுக்க உம்மை ‘நீங்கள்’ என்றே கூப்பிட்டேன். நீர் மன்னார், நான் யாழ்ப்பாணம். நீர் கிளை நூலகங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொண்டுபோகும் வாகனம் ஓட்டினீர், நான் மேலே பட்டியல் எழுதுகிறவள். கட்டடத்தில் தமிழர் நாங்கள் இரண்டே பேர். மரியாதைக்காக ‘நீங்கள்’ என்கிறேன் என்று நீர் நினைத்திருக்கலாம். இல்லை, எட்ட நிறுத்துவதற்காகத்தான். ‘நீர்’ என்று நெருக்கமாக ஒருவரைச் சொல்லிவிட்டால் பிறகு அவரைச் சந்தேகிப்பது சங்கடம்.

மூன்று வருடத்துக்கு முந்திய மாசி மாதம் அது. கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர். ஒரு போஸ்டர் தேட வேண்டும் என்றீர். முப்பது வருடத்துக்கு முன்னர் இங்கே ஒஸ்லோவில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் ஆட்கள் போட்ட நாடகத்தின் போஸ்டர். நாடகத்தின் பெயர் ‘வள்ளம் வரும்’. நீல நிறத்தில் கையால் கீறிய வள்ளம் ஒன்று நடுவில் இருக்கும். எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா, ஒருக்காப் பாக்கத்தான்" என்றீர்.

அந்தச் ‘சும்மா’வில்தான் எனக்கு முதல் முள் குத்தியது. எங்கள் ஆட்கள் சும்மா என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு கதை குந்தியிருக்கும். பழைய காகிதம் தேடுகிறவர்களில் நான் இரண்டு வகையைக் கண்டிருக்கிறேன். ஒன்று, யாரையோ மாட்டிவிடத் தேடுகிறவர்கள். மற்றது, தங்களைப் பற்றிய எதையோ இல்லாமல் செய்யத் தேடுகிறவர்கள். அந்தக் காலத்தில் யார் யார் எந்தெந்தப் பெயரில் வந்து இறங்கினார்கள் என்பது அவரவர்க்கே வெளிச்சம். நாடகப் போஸ்டர் என்றால் அதில் பெயர்ப் பட்டியல் இருக்கும். உமக்கு என்ன தேவை, படமா, பட்டியலா?

தூரிலுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. என் பக்கத்து மேசை நோர்வேக்காரி, உம்மோடு தினமும் காலநிலை கதைப்பவள், தேடச் சொன்னால் மான் கண்ட நாய்போல் பாய்கிறவள். அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள். மற்ற நகரங்களில் இருக்கிற நூலகத் தோழிகளுக்கெல்லாம் எழுதினாள். தேவாலய மண்டபங்களை விசாரித்தாள், மூடிப்போன அச்சகம் ஒன்றின் முதலாளியின் மகனைக்கூடப் பிடித்தாள். ‘வள்ளம்’ என்பதை லத்தீன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று என்னைக் கேட்டு, ஏழு விதத்தில் போட்டுத் தேடினாள். ஒன்றும் வரவில்லை. இவர் இதை எதற்குத் தேடுகிறார் என்று நீ கேட்கவில்லையா என்றேன். கோரிக்கைச் சீட்டில் காரணத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டாள். இல்லை. அப்படியானால் அது எங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுத் தேடப் போய்விட்டாள்.

கண்டுபிடித்தது நான்தான். அதுவும் தேடி அல்ல, எங்கள் ஆட்களை நினைத்து எரிச்சல்பட்டு. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தமிழ் தெரியாத ஒருவர் எங்கள் போஸ்டரைப் பட்டியலில் ஏற்றினால் எதைத் தலைப்பாக எடுப்பார் என்று யோசித்தேன். எது பெரிய எழுத்தோ அதை. எங்கள் போஸ்டரில் எது பெரிய எழுத்து? நாடகத்தின் பெயரா? அதை வைத்து யார் மண்டபத்தை நிரப்பியது? ‘அனுமதி இலவசம்’ என்பதை ஒரு முழ உயரத்தில் போட்டால்தான் எங்கள் சனம் பிள்ளை குட்டியோடு வந்து இறங்கும். பகிடிக்கு அந்த இரண்டு சொல்லையும் லத்தீன் எழுத்தில் அடித்தேன். ஒரே ஒரு பதிவு வந்தது. தலைப்பு: ‘அனுமதி இலவசம்’. மொழி: பிற. குறிப்பு: நீலப் படகு. அதற்குக் கீழே, தலைப்பை வாசித்து உதவியவர் அன்றைய துப்புரவுப் பணியாளர் என்று யாரோ நேர்மையாக எழுதி வைத்திருந்தார்கள். பாவம், அந்த மனிதர் தும்புக்கட்டையோடு போகிற போக்கில், இந்தப் பெரிய எழுத்து என்ன என்று கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி வாசித்துக் கொடுத்திருக்கிறார்.

இருந்த இடம் எங்கள் நிலவறை. நீர் தினமும் வாகனத்தைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்துகிற இடத்துக்கு இரண்டு சுவர் தள்ளி.

தூரிலுக்கும் சொல்லாமல், உமக்கும் சொல்லாமல் தனியாகப் போய் இழுப்பறையைத் திறந்தேன். நீர் சொன்ன வள்ளம் இருந்தது. நடித்தவர்களின் பட்டியலும் இருந்தது. உம்முடைய பெயர் அதில் இல்லை. ஆனால் முதலாவதாக, ‘வள்ளக்காரன் – சூ. அமலன்’ என்று இருந்தது. சூ. என்பது நீர் விடுமுறைத் தாளில் தமிழில் கையெழுத்து வைக்கும்போது போடுகிற அதே முதலெழுத்து. உம்முடைய அப்பா சூசை என்பதும் எனக்குத் தெரியும்.

திராமன் நகரில் இருக்கும் என் மச்சாள் அந்தக் காலத்து நாடகம் ஒன்றையும் தவறவிடாதவள். அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அமலன் எண்டு அப்பிடி ஒருத்தரும் இஞ்சை வரேல்லை" என்று அடித்துச் சொன்னாள். அந்த வருடங்களில் இங்கே வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம், அவளுக்குத் தெரியாத ஆள் இல்லை. அதோடு எனக்குக் கணக்குச் சரிவந்துவிட்டது. அமலன்தான் நீர். உண்மையான பெயரில் மேடை ஏறியிருக்கிறீர், வேறு பெயரில் பதிந்திருக்கிறீர். இப்போது அந்த ஒரேயொரு தாளையும் இல்லாமல் செய்யப் பார்க்கிறீர். ஒரு நூலகத்துச் சொத்தை என் கையாலேயே எடுத்துத் தரச்சொல்லிக் கேட்கிறீர்.

பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. தினமும் நீர் வந்து "ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கேட்டீர். நான் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினேன். அந்தக் கிழமைகளில் இரண்டு தரம் அரைநாள் விடுமுறை எடுத்தீர். வைத்தியரிடம் போவதாகச் சொன்னீர். வழக்கறிஞரிடம் போகிறீர் என்று நான் முடிவுகட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நீர் சொன்னது வைத்தியர், போனதும் வைத்தியரிடம்தான்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து உம்முடைய கதிரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். விசாரணைக்காரி மாதிரித்தான் கேட்டேன்.

"ஆர் சூ. அமலன்?"

நீர் கையிலிருந்த கோப்பையை மெல்ல வைத்தீர். கோபிப்பீர் என்று நினைத்தேன். உம்முடைய முகம் விரிந்துபோய்விட்டது.

"என்ர தம்பி" என்றீர்.

பிறகு சொன்னீர். தம்பி வருவதாகக் கடிதம் போட்டிருந்தான். மன்னாரிலிருந்து வள்ளத்தில் அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து விமானம். நாடகத்துக்கு முதல் வந்துவிடுவான் என்று நீர் எல்லோருக்கும் சொல்லி, முதன்மைப் பாத்திரத்தை அவனுக்கென்று பிடித்து வைத்தீர். ஊரில் அவன் நாடகப் பைத்தியமாம். போஸ்டரைக் கீறியது நீர்தான். உம்முடைய பெயரைப் போடாமல் அவனுடையதை முதலில் எழுதினீர்.

"பேர் அடிச்சாச்சு, ஆள் வரேல்லை. அவனுக்கெண்டு தைச்ச சட்டையை நான் போட்டுக்கொண்டு நடிச்சனான். எனக்கு இறுக்கம். எல்லாரும் கை தட்டினவை. ஒரு மாசம் கழிச்சுத்தான் கடிதம் வந்தது, அந்த வள்ளம் அக்கரைக்குப் போய்ச் சேரேல்லை எண்டு."

ஊரில் இருந்த படங்கள், பள்ளிக்கூடப் பதிவுகள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. அவன் பெயர் அச்சில் இருக்கிற ஒரே இடம் இந்தப் போஸ்டர்தான் என்றீர். எழுந்து நிலவறைச் சாவியை எடுத்தேன்.

மேசையில் தாளை விரித்தபோது நீர் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, வள்ளத்தைப் பார்த்தீர், பெயரை வாய்விட்டு வாசித்தீர். பிறகு நிமிராமலே கேட்டீர்.

"இதை எப்ப கண்டனீர்?"

முதல் தடவையாக ‘நீர்’ என்றீர். பொய் சொல்ல முடியவில்லை. பதினொரு நாளாகிறது என்றேன். உம்முடைய தோளில் ஒரு சின்ன அசைவு. "பரவாயில்லை, முப்பது வருசத்துக்கு மேல பதினொரு நாள்தானே" என்றீர். நீர் அன்று திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உமக்கு மிச்சமிருந்த நாட்களை வைத்தியர்கள் மாதக் கணக்கில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பதினொரு நாளை நான் திருடினேன், வேறு சொல் இல்லை.

பட்டியல் பதிவைத் திருத்துவோம் என்றேன். தலைப்பை ‘வள்ளம் வரும்’ என்று மாற்றினேன். பழையதை அழிக்கப் போனபோது தடுத்தீர்.

"அதையும் விடும். அந்தப் பேரிலதான் அவன் இவ்வளவு காலமும் பத்திரமா இருந்தவன்."

விட்டேன். பிறகு தம்பியின் பெயருக்கு வந்தோம். ‘நடித்தவர்’ என்று போட முடியாதா என்று கேட்டீர், மிகவும் தணிந்த குரலில். நடிக்கவில்லையே, பொய்யைப் பதிய முடியாது என்றேன். ‘சுவரொட்டியில் பெயர் உள்ளவர்’ என்று எழுதினேன். நீர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர். "ஓம், சரிதான்" என்று சொல்லிவிட்டு வாகனத்துக்குப் போய்விட்டீர். அந்த ஐப்பசியில் உம்முடைய இறுதிப் பூசைக்குத் தேவாலயத்தில் தூரிலும் நானும் கடைசி வாங்கு வரிசையில் இருந்தபோது எனக்கு அந்த ‘ஓம்’தான் திரும்பத் திரும்பக் கேட்டது.

இன்றைய சீட்டுக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் கேட்டவருடைய முகவரியைப் பார்க்கத்தான் கை போனது. நீர் குடியிருந்த பியோர்ண்டால் என்று கண்டதும் விளங்கிவிட்டது. இந்த நாட்டில் தகப்பனின் பெயர் பிள்ளைக்குக் கடைசிப் பெயராகிவிடுகிறது. எத்தனை வருடம் பட்டியல் எழுதியும் அது எனக்கு உடனே பிடிபடவில்லை. நான் மறுநாள் வரை வைக்கவில்லை. அந்த நிமிடமே நிலவறைக்கு இறங்கித் தாளை எடுத்து வந்து மேசையில் விரித்துவிட்டு, உம்முடைய மகள் வரும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

மூன்று மணிக்கு வந்தாள். உம்முடைய நெற்றி. காரணம் ஒன்றும் நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் வருகிறது.

"அப்பா சொன்னவர், சித்தப்பா இஞ்சை ஒரு நாடகத்தில நடிச்சவராம். நல்ல கைதட்டாம்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இக்கே சான்ட்?"

அப்படித்தானே என்று நோர்வே மொழியில் கேட்கிறாள். கணினித் திரையில் என் கையால் எழுதிய பதிவு திறந்தபடி இருந்தது: சுவரொட்டியில் பெயர் உள்ளவர். அதை நான் மாற்றப்போவதில்லை, அது என் தொழில். நீர் மகளுக்கு ஏன் அப்படிச் சொன்னீர் என்றும் நான் இனி ஆராயப்போவதில்லை.

"ஓம்" என்றேன். "சட்டைதான் கொஞ்சம் இறுக்கமாம்."