கார் ஓட்டத்துக்குப் பின்னால் பத்து நிமிடம்

முந்தாநாள் உன் அக்கா என் கடைக்கு வந்தார். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை வரை பஸ்ஸில், மடியில் ஒரு பிஸ்கட் டின்னோடு. மூன்று சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்களாம். டின்னுக்கு மேல் கோயில் அர்ச்சனைத் தட்டை வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மூடியை நெம்பியதும் பழைய கசெட் நாடாவின் புளித்த வாசம் அடித்தது. அதோடு கலந்து உங்கள் ஒழுங்கையின் கடல் உப்பும் துருவும். நீ கண்ணை மூடி மூன்று மாதம். கடையில் ஆள் இருந்ததால் உடனே மூடிவிட்டேன்.

"வீட்டில ஆரார் இருக்கினமெண்டு திரும்பவும் பொலிஸில பதியச் சொல்லுறாங்கள் தம்பி. எப்ப வந்து தட்டுவாங்களெண்டு தெரியாது. நீங்கள் வைச்சிருங்கோ, இல்லாட்டி எரிச்சு விடுங்கோ. இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியவும் வேண்டாம்."

"வச்சிட்டுப் போங்கக்கா," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அவர் படியிறங்கியதும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசைக்குக் கீழே வைத்தேன். பிறகு மின்விசிறிப் பெட்டிகளுக்குப் பின்னால். கடை பூட்டுமுன் எடுத்துப் பையில் போட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து பழைய இடத்திலேயே வைத்தேன். உன்னைப் போலப் பயத்தை உட்காரவைத்து விசாரிக்க எனக்குத் தெரியாது மச்சான். பயம் வந்தால் நான் சாமானை இடம் மாற்றுகிறவன்.

நீ முதன்முதல் கடைக்கு வந்த நாளும் எனக்குப் பயத்தோடுதான் தொடங்கியது. சின்னப் பட்டரி இருபது, வெற்றுக் கசெட் ஒரு பெட்டி, மெல்லிய வயர் ஐந்து கஜம் கேட்டாய். வடக்குக்குப் பட்டரி கொண்டுபோகத் தடை இருந்த காலம். யாழ்ப்பாணத் தமிழில் பட்டரி கேட்பவனைப் பிடித்தால், விற்றவனையும் தேடி வருவார்கள்.

"இவ்வளவு பட்டரி எதுக்கு?" என்று கேட்டேன்.

"கதை கேக்க."

"யாருகிட்ட?"

"கொம்பியூட்டர் விசர் பிடிச்ச ஆக்களிட்ட. உங்களிட்டயும் கேக்கலாம் போல கிடக்கு. மேல் தட்டில பழைய மெஷின் மூண்டு இருக்கு, ஒண்டையும் விக்கிற முகத்தைக் காணேல்லை."

பிடித்துவிட்டாய். ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து பதினாறு வயதில் மூட்டை தூக்க வந்து, ரேடியோ திருத்தப் பழகி, ஒரு கதவளவு அகலத்தில் கடை போட்டவன் நான். கைக்கு வந்த எதையும் ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்ததில்லை. அந்தச் சின்னக் கறுப்புக் கணினிகள் மட்டும் விதிவிலக்கு. டிவியோடு பொருத்தி, கசெட் ரெக்கோடரைச் செருகி, விளையாட்டை நாடாவிலிருந்து ஏற்ற வேண்டும். ஞாயிறு பகலில் கதவைச் சாத்திவிட்டு நான் கார் ஓட்டம் விளையாடுவது என் மனைவிக்கே தெரியாது. கப்பல் கம்பனிக் கிளார்க்கான உனக்கு ஒரே பார்வையில் தெரிந்துபோனது. அந்த மாதமே 'நீங்கள்' போய் 'நீ' என்றாகிவிட்டோம்.

எல்லோரிடமும் நீ கேட்ட கேள்வி ஒன்றுதான். "உங்கட முதல் மெஷின் எப்பிடிக் கைக்கு வந்தது?" அதிலிருந்து நாட்டு நடப்பு தானாக வந்து விழுந்தது. வத்தளை மெக்கானிக்கிடம் கேட்டாய். பையில் ஈயம் பற்றவைக்கும் கோலும் வயரும் இருந்ததற்காக இரண்டு நாள் உள்ளே இருந்த கதை வந்தது. உன்னோடு விளையாட்டுக் கசெட் மாற்றிக்கொண்ட சிங்களக் கூட்டாளியிடம் இங்கிலீஷில் கேட்டாய். தமிழர் ஒழுங்கைக்குள் போகாதே என்று அவன் அம்மா அழுத கதை வந்தது. கொட்டாஞ்சேனையில் டைப்பிஸ்டாக இருந்த ஓர் அக்கா, அண்ணன் டுபாயிலிருந்து அனுப்பிய கணினியை, தமிழர் வீடுகளை எரித்த கலவரத்தன்று பக்கத்துச் சிங்கள வீட்டு அரிசிப் பானைக்குள் புதைத்ததைச் சொன்னார். வீடு எரிந்தது, கணினி மிஞ்சியது. எரித்த கும்பலில் தனக்குத் தெரிந்த நாலு பேரின் பெயரையும் சொன்னார்.

ஒரே கதையை வேறு வேறு நாளில் மூன்று தரம் சொல்லவைப்பாய். கொப்பியில் கோடு கிழித்து மூன்று பிரிவு. கண்டது, கேட்டது, பிறகு நினைத்தது. அந்த அக்கா முதல் தரம் இருபது பேர் வந்தார்கள் என்றார். மூன்றாம் தரம் நூறு பேர்.

"புளுகுது மச்சான்," என்று சிரித்தேன்.

"புளுகு இல்லையடா. பயம் வளந்திருக்கு. எப்ப, எவ்வளவு வளந்ததெண்டதும் சரித்திரம்தான்."

என்னையும் விடவில்லை. "உன்ர கதை எப்ப?" என்று மாதத்துக்கு ஒரு தரம் கேட்பாய். யாவாரிக்குச் சாமான்தான் இருக்கு, கதை இல்லை என்று தட்டிவிடுவேன்.

அந்தக் குரல்களை ஒளித்துவைக்க வழி சொன்னது நான்தான். ஒவ்வொரு கசெட்டிலும் முதலில் ஒரு விளையாட்டு, ஐந்து நிமிடம். அதற்குப் பின்னால் ஆளின் குரல், பத்து நிமிடம். அத்தோடு பக்கம் முடிந்துவிடும். மேலே விளையாட்டின் பெயர் மட்டும். விளையாட்டு நாடாவைச் சும்மா போட்டால் காது கிழிகிற கீச்சல்தான் வரும். "இந்தக் கீச்சலை அஞ்சு நிமிஷம் கேக்கிற பொறுமை எந்தப் பொலிஸ்காரனுக்கும் இல்ல," என்றேன். "யாவாரி மூளை," என்று நீ கை கொடுத்தாய். நம் இரண்டு பேருக்கும் அந்தக் கீச்சல் பழகியிருந்தது. பழகாத காதுக்கு அது என்னவாகக் கேட்கும் என்று இரண்டு புத்திசாலிகளும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஒழுங்கையைப் பொலிஸ்காரர் வளைத்தார்கள். ஒன்பது மணிக்கு என் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு உன் அக்கா டெலிபோன் எடுத்தார்.

"தம்பியைப் பொலிஸுக்குப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். கசெற்றைப் போட்டுக் கேட்டவங்கள், அது கீச்செண்டு கத்தினது, புலிக்கு அனுப்புற சங்கேதமாம். நீங்கள் சிங்களம் நல்லாக் கதைப்பியள். வாங்கோ."

உடனே ஓடிவந்தேன் என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்தேன். உண்மையில் முதலில் குளித்தேன். சட்டை மாற்றினேன். போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று அரை மணித்தியாலம் தேடினேன். கிடைக்கவில்லை. கடையைத் திறந்து ஒரு கறுப்புக் கணினியை எடுத்து, துணியில் சுற்றி, த்ரீவீலரில் ஏறினேன்.

இன்ஸ்பெக்டரின் மேசையில் உன் கசெட் பதினொன்றும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் உன் ரெக்கோடர். நீ சுவரோரம் வாங்குப் பலகையில் இருந்தாய், ஒரு காலில் செருப்பில்லை.

"நீ இவனுக்கு யார்?" சிங்களத்தில் கேட்டார்.

"கடைக்காரன் சேர். சாமான் விக்கிறவன். இவர் அதில் என்ன பதியிறார் என்று எனக்குத் தெரியாது."

உனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். அந்த வசனம் விளங்குகிற அளவுக்குத் தெரியும்.

இந்தக் கீச்சல் எல்லா விளையாட்டு நாடாவிலும் வரும் என்றேன். விளையாட்டு என்றால் போட்டுக் காட்டு என்றார். ஸ்டேஷன் டிவியில் கணினியைப் பொருத்தினேன். பதினொன்றில் ஒன்றை அவரே எடுத்தார். கார் ஓட்டம். அதன் பின்னால் இருந்தது கொட்டாஞ்சேனை அக்காவின் குரல், அந்த நாலு பெயரோடு. அது வெளியே கேட்டால் உன் கதை அன்றோடு முடிந்தது. பின்னேரத்துக்குள் அந்த அக்காவையும் கொண்டுவருவார்கள்.

முதல் தரம் ஏறவில்லை. திரை வெறுமையாக நின்றது. இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ரெக்கோடரின்ர ஹெட் கொஞ்சம் சரிஞ்சிருக்கு. திருப்புளி இருக்கோ?" என்று என்னைப் பார்த்து, வாடிக்கையாளன் கடைக்காரனிடம் கேட்பதுபோலவே கேட்டாய். என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்னத் திருப்புளியைக் கொடுத்தேன். கணினி வயரைக் கழற்றி, கீச்சல் ஓட ஓட, குனிந்து, காதால் கேட்டு, ஹெட்டின் திருகாணியை மயிரளவு திருப்பினாய். கீச்சல் கூர்மையாகியது. வயரைச் செருகினாய், சத்தம் நின்றது. நாடாவை முதலுக்குச் சுற்றி மறுபடி ஓடவிட்டாய். திரையின் ஓரத்தில் நிறக் கோடுகள் ஓடின. இன்ஸ்பெக்டர் ஐந்து நிமிடமும் திரையையே பார்த்திருந்தார். பிறகு ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது.

"அய்யே, மடத் தென்ன," எனக்கும் தா என்று ஒரு கொன்ஸ்டபிள் புகுந்து கணினியைப் பிடித்தான். முதல் வளைவிலேயே மோதினான். இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். நீ அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டுப்பட்டு, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டிக்கொண்டிருந்தாய்.

விளையாட்டு ஏறிவிட்டது. ஆனால் ரெக்கோடர் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. வயர் செருகியிருந்ததால் சத்தம் வெளியே வரவில்லை. யாராவது அந்த வயரைப் பிடுங்கினால் போதும். ரெக்கோடர் என் வலது கைக்கு ஒரு முழத்தில் இருந்தது. நீ ஒரே ஒரு தரம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய்.

கொஞ்ச நேரத்தில் ரெக்கோடர் 'டக்' என்று நின்றது. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "நாடா சேர்," என்றேன். அவர் மறுபடி திரையைப் பார்த்தார். பின்னேரம் நாலு மணிக்கு, இனி இந்தச் சனியனை ஜன்னலைப் பூட்டிவிட்டுப் போடு என்று சொல்லிக் கசெட் பதினொன்றையும் பையில் போட்டுத் தந்தார்.

காலி வீதியில், ஒற்றைச் செருப்போடு, ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று சொன்னாய்: "நல்ல வேளை ரெக்கோடரை நிப்பாட்டினாய் மச்சான்."

"பின்ன?" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். அதை வைத்து ஒரு கதையே கட்டினேன். கல்யாண வீடுகளில் சொன்னேன், கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். நாலைந்து தரம் சொன்னதில் இன்ஸ்பெக்டரின் கை வயரில் இருந்தது. பிறகு மேசையில் குண்டு போட்ட ஒரு துவக்கும் வந்து சேர்ந்தது. நீ பக்கத்தில் இருந்து கேட்பாய். ஒரே ஒரு தரம், "போன முறை துவக்கு இருக்கேல்லை," என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நேற்று மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு டின்னைக் கிளறினேன். எரிப்பதென்றாலும் என்ன எரிக்கிறேன் என்று தெரிய வேண்டாமா. பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. கடைசிக் கசெட்டில் உன் எழுத்தில் 'கார் ஓட்டம் 2'. போட்டேன். ஐந்து நிமிடக் கீச்சல். வெளியே தெருவில் அடையாள அட்டை கேட்கிற சத்தம். ஒலியைக் குறைத்துக் காதை ரெக்கோடரோடு ஒட்டிக்கொண்டேன். பிறகு நீ.

"கண்டது: கார் ஏறினது, கொன்ஸ்டபிள் மோதினது. கேட்டது: டக்கெண்டு ஒரு சத்தம். நிப்பாட்டினது தான்தான் எண்டு அவன் சொன்னதும் கேட்டதுக்குள்ளதான் வரும், நான் காணேல்லை. பிறகு நினைச்சது: விளையாட்டு ஏறிப் பத்து நிமிசத்துக்குப் பிறகு ஏன் நிப்பாட்டினவன்? அவனிட்டக் கேக்கேல்லை. கேட்டால் யாவாரம் பேசுவான். அவன்ர பகுதிக்கு இடம் விட்டிருக்கிறன்."

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். நாடா முடியும் வரை இருந்து கேட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் என் கடை ஸ்டூலில் இருந்து, என் துவக்கையும் வயரில் இருந்த கையையும் கேட்டுச் சிரித்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டுவைத்திருக்கிறாய். இனிக் கேட்க ஆளில்லை என்றான பிறகுதான் எனக்குச் சொல்ல வருகிறது. யாவாரத்தில் இப்படிப் பிந்தியவனை நான் மதித்ததே இல்லை.

இன்று காலை உன் அக்கா டெலிபோன் எடுத்தார். "எரிச்சிட்டீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லக்கா. எங்கிட்டயே இருக்கட்டும்."

"பயமில்லையோ தம்பி?"

"இருக்கு."

வைத்துவிட்டு ரெக்கோடரை எடுத்தேன். ஹெட் சரிந்திருந்தது. அதே திருப்புளி இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது, எடுத்துத் திருப்பினேன். நீ விட்ட இடத்துக்கு நாடாவைச் சுற்றிப் பதியவிட்டேன். என் பெயரைச் சொன்னேன், அப்பாவின் பெயரை, தோட்டத்தின் பெயரை. நான் உனக்குக் கடைக்காரன் இல்லை, கூட்டாளி என்று சொன்னேன். பிறகு, கண்டது என்று சொல்லித் தொடங்கினேன். அன்று ஸ்டேஷனில் ரெக்கோடர் சுற்றியது. என் இரண்டு கையும் பின்னால் இருந்தன. நீ என்னைப் பார்த்தபோது நான் சுவரைப் பார்த்தேன். பத்து நிமிடம் அந்த அக்காவின் குரல் முழுவதும் சத்தமில்லாமல் ஓடி, நாடா முடிந்து, அந்தப் பட்டன் தானாகவே மேலே எழும்பியது. ஒருவரும் அழுத்தவில்லை.

அவ்வளவுதான். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. அதற்குள் வெளியே ஒரு பாரவண்டி வந்து நின்றது. இராணுவமா, சாமான் லொறியா என்று எட்டிப் பார்க்கவில்லை. கசெட்டின் மேல் எழுத என் பெயரைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அதற்கு முன் ரெக்கோடரை நிறுத்த வேண்டும். நாடா இன்னும் மிச்சம் இருந்தது, சுற்றிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அழுத்தினேன்.

டக் என்றது. கண்டதில் எழுதிக்கொள்.